உளவியல் கட்டுரை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராஜெக்ட் தொடங்கும் மாதங்களில் உளவியல் துறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "இந்தத் தலைப்புல ஆர்ட்டிகிளே இல்ல மேம்." பெரும்பாலும் கட்டுரை இருக்கிறது, தேடிய விதத்தில்தான் கோளாறு. அமெரிக்க உளவியல் சங்கம் நடத்தும் சைக்இன்ஃபோ டேட்டாபேஸில் மட்டுமே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. 1927 முதல் அச்சில் வந்த 'சைக்கலாஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' தொகுப்பின் வழிவந்தது அது. அவ்வளவு பெரிய குவியலில் ஒன்றுமே அகப்படவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நாம் தட்டிய சொற்களைத்தான்.

ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு பார்ப்போம்: பிளஸ் டூ மாணவர்களின் தேர்வுப் பதற்றம். நிறைய பேர் செய்வது, புராஜெக்ட் தலைப்பை ஆங்கிலத்தில் முழுசாக அப்படியே தேடல் பெட்டியில் போடுவது. கூகுளில் அது ஓடும். நூலக டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் நீங்கள் கொடுத்த எல்லாச் சொற்களும் இருக்கிற பதிவைத்தான் தேடும். 'தாக்கம்', 'ஓர் ஆய்வு', 'இடையே உள்ள தொடர்பு' என்று நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் நல்ல கட்டுரைகளைக் கழித்துக்கொண்டே போகும். இந்தத் தலைப்பில் உண்மையில் இருக்கும் கருத்துகள் இரண்டே: தேர்வுப் பதற்றம், பதின்வயது மாணவர்கள். மற்றதெல்லாம் தேடலுக்கு வேண்டாதவை.

இதைவிடப் பெரிய தவறு, ஒரே பெயரில் தேடிவிட்டு நிறுத்திக்கொள்வது. நாம் பேச்சில் 'எக்ஸாம் ஃபியர்' என்கிறோம். உளவியலாளர்கள் மாண்ட்லரும் சரசனும் 1952-இல் எழுதிய காலம் தொட்டு உளவியல் இதழ்களில் நிலைத்த பெயர் 'டெஸ்ட் ஆங்ஸைட்டி'. இந்திய இதழ்களில் 'எக்ஸாமினேஷன் ஆங்ஸைட்டி' என்றும் வரும். பக்கத்திலேயே 'அகாடமிக் ஸ்ட்ரெஸ்' நிற்கிறது. அது முழுக்க இதே விஷயம் இல்லை, ஆனால் உங்களுக்கு வேண்டிய பல கட்டுரைகள் அந்தப் பெயரில்தான் வந்திருக்கும். அதேபோல 'பிளஸ் டூ' என்று தேடினால் வெளிநாட்டுக் கட்டுரை எதுவும் வராது. 'ஹை ஸ்கூல் ஸ்டூடண்ட்ஸ்', 'அடலசென்ட்ஸ்' என்று போட வேண்டும். தேடலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இந்தப் பெயர்களை இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவாகும் அரை மணி நேரம் வீண் போகாது.

பெயர்ப் பட்டியல் உங்களுக்கே தோன்றவில்லையா? டேட்டாபேஸே தரும். சைக்இன்ஃபோவில் தெசாரஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பற்றியது என்று பார்த்து, 1974-இல் முதலில் வெளியான ஒரு நிலையான சொற்பட்டியலிலிருந்து தலைப்புச் சொற்களை ஒட்டுகிறார்கள். ஆசிரியர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் தேர்வுப் பதற்றக் கட்டுரைக்கு 'டெஸ்ட் ஆங்ஸைட்டி' என்ற சொல்தான் ஒட்டப்படும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் டேட்டாபேஸில் இதே வேலையைச் செய்வது 'மெஷ்' என்ற சொற்பட்டியல். சுலபமான வழி ஒன்று உண்டு. பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் முழுப் பதிவைத் திறந்து, 'சப்ஜெக்ட்ஸ்' என்ற இடத்தில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அந்தச் சொற்களை எடுத்து மறுபடி தேடுங்கள். அதற்காகக் கீவேர்ட் தேடலை விட்டுவிடவும் கூடாது. புதிதாகச் சேர்ந்த கட்டுரைகளுக்குத் தலைப்புச் சொல் ஒட்டக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

நோயறிதல் பெயர்களில் இன்னொரு சிக்கல், அவை காலத்தோடு மாறுவது. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பான டி.எஸ்.எம்.-5 'மென்டல் ரிடார்டேஷன்' என்பதை 'இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி' ஆக்கியது, 'ஆஸ்பெர்கர்' என்ற தனிப் பெயரை ஆட்டிசத்துக்குள் சேர்த்தது. பழைய சொல்லை நம் எழுத்தில் பயன்படுத்தக் கூடாது, சரி. ஆனால் பழைய கட்டுரைகளைத் தேட அந்தப் பழைய பெயர்தான் சாவி.

இப்போது சொற்களைக் கோக்கும் முறை. இரண்டு சொல் சேர்ந்த பெயருக்கு மேற்கோள் குறி போடுங்கள். இல்லையென்றால் 'டெஸ்ட்' ஒரு மூலையிலும் 'ஆங்ஸைட்டி' இன்னொரு மூலையிலும் இருக்கிற கட்டுரையெல்லாம் வந்து குவியும். ஒரே பொருளுள்ள பெயர்களை 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள், இரண்டு கருத்துகளை 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். அடைப்புக்குறி இல்லாமல் இரண்டையும் கலந்தால் டேட்டாபேஸ் தன் வழக்கப்படி படித்துக்கொள்ளும், அந்த வழக்கம் எல்லாத் தளத்திலும் ஒன்றல்ல. சொல்லின் வேர்ப் பகுதியோடு * குறி போட்டால் 'அடலசென்ட்', 'அடலசென்ஸ்' இரண்டும் வரும். 'நாட்' மட்டும் வேண்டாம். சிறுவர்களை விலக்க 'நாட்' போட்டால், சிறுவர்களையும் பதின்வயதினரையும் ஒப்பிட்டு எழுதிய அருமையான கட்டுரையும் சேர்ந்தே போய்விடும்.

ஃபில்டர்கள் உதவிக்கு வந்தவை, ஆனால் அதிகம் இழப்பதும் அங்கேதான். 'ஃபுல் டெக்ஸ்ட்' பெட்டியை முதலிலேயே டிக் செய்வதை நான் கடுமையாக எதிர்ப்பேன். சைக்இன்ஃபோ அடிப்படையில் சுருக்கங்களின் தொகுப்பு, முழுக் கட்டுரை வேறு இடத்தில் இருக்கும். அந்த டிக் போட்டதும், உங்கள் நூலகம் வேறொரு வழியில் வாங்கி வைத்திருக்கும் கட்டுரைகள்கூடக் கண்ணில் படாமல் போகும். எது தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள், எப்படிப் பெறுவது என்பது அப்புறம். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு சேஜ், வைலி, எல்ஸெவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி என்றால், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள், அல்லது கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மாணவர் கேட்டால் அனுப்பிவைக்கும் ஆய்வாளர்கள் நிறைய பேர்.

வயது ஃபில்டரையும் கண்ணை மூடிக்கொண்டு தொடாதீர்கள். சைக்இன்ஃபோவில் 'அடலசென்ஸ்' என்றால் 13 முதல் 17 வயது. 18 ஆனதும் 'அடல்ட்ஹுட்'. பிளஸ் டூவுக்கு அது சரிவரும். கல்லூரி முதலாண்டு மாணவர்களைப் பற்றித் தேடுபவர் அதை டிக் செய்தால் வேண்டிய கட்டுரைகளில் பெரும்பகுதி போய்விடும். சக நிபுணர்கள் சரிபார்த்ததை மட்டும் காட்டுவதற்கான 'பியர் ரிவ்யூடு' ஃபில்டரோ இதழைத்தான் சலிக்கிறது. அந்த இதழில் வரும் தலையங்கமும் நூல் மதிப்புரையும் வலையில் விழத்தான் செய்யும். சைக்இன்ஃபோவில் 'மெத்தடாலஜி' ஃபில்டர் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. எம்பிரிக்கல் ஸ்டடி (தரவு திரட்டிச் செய்த ஆய்வு), மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல்படி தொகுப்பது) என்று அதிலேயே பிரிக்கலாம்.

ஒரே டேட்டாபேஸோடு நிற்பதும் தவறுதான். மாணவர், பள்ளி என்று வந்தால் கல்விக்கான எரிக் தளத்தையும் பாருங்கள். இலவசம். அங்கேயும் 'டெஸ்ட் ஆங்ஸைட்டி' தலைப்புச் சொல்லாக இருக்கிறது. மருத்துவப் பக்கம் சாய்ந்த தலைப்புக்கு பப்மெட். கூகுள் ஸ்காலரை ஒதுக்க வேண்டாம், ஆனால் அங்கே பியர் ரிவ்யூ ஃபில்டர் கிடையாது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பழைய கட்டுரைகள் மேலே ஏறி நிற்கும். அதன் உண்மையான பலம் 'சைட்டட் பை' இணைப்பு. உங்கள் கட்டுரைக்குப் பிறகு அதைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்பது அங்கே தெரியும்.

உளவியலில் அந்த இணைப்பு மிக முக்கியம். 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு மீண்டும் வந்தது. பிரபலமான ஒரு பழைய ஆய்வை மட்டும் காட்டி எழுதினால், வைவாவில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

சாட்பாட் தந்த மேற்கோளை எடுத்து வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழ் நிஜமாக இருக்கும், கட்டுரை மட்டும் எங்கும் இருக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவதும் அதே வகைதான். மாதிரி எத்தனை பேர், எந்த ஊர், எந்த அளவுகோல் என்ற விவரங்கள் உள்ளேதான் இருக்கும்.

கட்டுரை வெளியான பிறகு இதழால் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டிடெரிக் ஸ்டாபெல் தரவுகளைப் புனைந்தது 2011-இல் வெளிப்பட்டது. அவருடைய 50-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இப்படிப்பட்ட கட்டுரையின் பி.டி.எஃப். பழைய பிரதியாக எங்கேயாவது கிடைக்கும், அதில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. இதழின் சொந்தப் பக்கத்திலோ ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலிலோ தலைப்பைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேடல் பெட்டியில் போட்ட சொற்கோவையையும் தேதியையும் டேட்டாபேஸின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று மாதம் கழித்து கைடு "இதை எங்கே எடுத்தாய்?" என்று கேட்பார். ஒரு தலைப்பின் ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதுவதாக இருந்தால் அந்தக் குறிப்பு ஆய்வேட்டிலேயே இடம்பெற வேண்டும்.