சிங்கப்பூரில் சொந்தக் கடை: கம்பெனி பதிந்தால் பாஸ் வந்துவிடாது

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு கடை போடலாம் என்று ஊரிலிருந்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தப் பாஸில் இங்கே இருக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். பாஸ் என்பது இங்கே தங்கி வேலை பார்க்க அரசு தரும் அனுமதி. "கம்பெனி பதிந்தால் தருவார்களாமே!" என்பார்கள். தரமாட்டார்கள். கம்பெனி பதிவு அக்ரா (ACRA) என்ற பதிவு ஆணையத்தின் வேலை, பாஸ் மனிதவள அமைச்சின் வேலை. இது கிடைத்தால் அதுவும் கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை.

பதிவது சுலபம். மூலதனம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால்கூடப் போதும், கட்டணம் 315 வெள்ளி. அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் அடையாளக் கணக்கு உங்களிடம் இருக்காது என்பதால், பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது கட்டாயம். காசு வாங்கிக்கொண்டு இயக்குநராகத் தன் பெயரைத் தருவதைத் தொழிலாகச் செய்பவர்கள், 2025 ஜூன் 9 முதல் பதிவுபெற்ற நிறுவனத்தின் மூலமாகத்தான் செய்ய முடியும். டீக்கடையில் அறிமுகமான அண்ணன் "நான் கையெழுத்துப் போடுகிறேன், மாதம் இவ்வளவு கொடு" என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

பணம் போட்டால் நிரந்தரவாசம் என்ற வழியும் உண்டு. ஆனால் அது நம்மைப் போன்றவர்களுக்கானது அல்ல. உலகளாவிய முதலீட்டாளர் திட்டத்தில் 2023 மார்ச் முதல் குறைந்தது 1 கோடி வெள்ளி போட வேண்டும். முன்பு 25 லட்சமாக இருந்தது. அதோடு பெரிய வியாபாரம் நடத்திய வரலாறும் கேட்பார்கள்.

அடுத்தது ஆன்ட்ரபாஸ் (EntrePass), அதாவது தொழில்முனைவோருக்கான பாஸ். பெயரைக் கேட்டதும் தொழில் தொடங்கும் எல்லோருக்குமானது என்று நினைத்துவிடுகிறார்கள். புதுமையான தொழில்நுட்பம் கையில் இருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர் பணம் போட்டிருக்க வேண்டும், இப்படிப் போகிறது அதன் நிபந்தனை. காப்பிக்கடை, உணவங்காடி, மதுக்கூடம், மசாஜ் நிலையம், ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி எல்லாம் இதில் சேராது என்று அமைச்சே பட்டியல் போட்டிருக்கிறது. வாஸ்து பார்ப்பது போன்ற தொழில்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது!

அப்போ மெஸ் வைக்க நினைப்பவர் என்ன செய்வது? அதிகாரி, நிபுணர் நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு உங்கள் கம்பெனியே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். நடைமுறையில் பலருக்கு இருப்பது இந்த ஒரு வழிதான். 2025 முதல் புதிய விண்ணப்பத்துக்குச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளியாவது இருக்க வேண்டும். வயது கூடக் கூட இதுவும் கூடும், 45 வயதில் 10,700 ஆகிறது. பிறகு காம்பஸ் என்ற புள்ளிக்கணக்கில் 40 எடுக்க வேண்டும். அதிகாரி, நிபுணர் நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள கம்பெனிக்கு 20 புள்ளி தானாகவே வந்துவிடும். மீதி 20 உங்கள் சம்பளத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் வர வேண்டும். சரிபார்க்கப்பட்ட பட்டத்துக்குப் பொதுவாக 10. அதே துறையில் உள்ளூர்க்காரர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டுச் சம்பளத்துக்கு 10 அல்லது 20. பட்டம் இல்லையென்றால் முழுக்கச் சம்பளத்தில்தான் எடுக்க வேண்டும், அதற்கு மிக உயர்ந்த தொகை காட்ட வேண்டியிருக்கும். அதைத் தாளில் எழுதினால் மட்டும் போதாது. வியாபாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கம்பெனிக் கணக்கிலிருந்து மாதாமாதம் வர வேண்டும்.

ஆள் விஷயத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஊரிலிருந்து சமையல்காரரை ஒர்க் பர்மிட்டில் கொண்டுவர 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்களுக்கு வழி திறந்திருக்கிறது, சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. ஆனால் சேவைத் துறையில் ஒர்க் பர்மிட் போன்ற பாஸில் உள்ள வெளிநாட்டார் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதிலும் இந்த வழியில் வருபவர்கள் மொத்த ஊழியர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதனால் ஒரு குக்கைக் கொண்டுவரவே பல உள்ளூர் ஊழியர்கள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இங்கே வேறொரு கம்பெனி பாஸில் வேலை பார்ப்பவர் கவனிக்க: பங்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாயங்காலம் கல்லாவில் உட்காரக்கூடாது. உங்கள் பாஸ் அந்த ஒரு முதலாளிக்கு மட்டும்தான். சோஷியல் விசிட்டில், அதாவது சுற்றிப்பார்க்கும் அனுமதியில் வந்தவருக்கும் கடையில் நின்று வேலை பார்க்க அனுமதி இல்லை. இடம் பார்க்கலாம், ஆட்களைச் சந்தித்துப் பேசலாம், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பாஸ் மறுக்கப்பட்டது, முன்பணமும் திரும்பவில்லை. ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்றால், பாஸ் கிடைக்காவிட்டால் ரத்து என்ற வரியை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சில கடை உரிமையாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், குடும்பத்தோடு வருவதாக இருந்தால் 5,600 போதாது. மனைவி, பிள்ளைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் கேட்க உங்கள் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். அப்பா அம்மாவையும் கூட்டிவர 12,000.