மாயா பஜாரை மறுபடியும் முழுதாகப் பார்ப்பது எப்படி

சிறுவயதில் டூரிங் கொட்டகையில் வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்த 'மாயா பஜார்' என்னும் மாயாஜாலப் படத்தை, வயதேறிய பிறகு மீண்டும் பார்க்கும் ஆசை திருநெல்வேலிப் பக்கத்தில் பலருக்கும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் கைப்பேசியில் 'கல்யாண சமையல் சாதம்' பாட்டை மட்டும் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, படத்தையே பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். துண்டு துண்டாகப் பார்த்தால் அந்தப் படம் நமக்குத் திரும்பக் கிடைக்காது என்பதே என் உறுதியான கருத்து. பீமன் மகன் கடோத்கஜன் யாருக்காக அந்தக் கல்யாணத்துக்குள் புகுந்தான், யாருக்காக ஆக்கி வைத்த சாப்பாட்டை உண்கிறான், அதனால் யார் வயிறு எரியப்போகிறது என்பவற்றையெல்லாம் அதற்கு முன் வரும் நீண்ட கதைதான் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் எஞ்சுவது ஒரு பெரிய மனிதர் லட்டுத் தின்னும் காட்சி மட்டுமே. ஆகவே முழுப் படத்துக்கும் நேரம் ஒதுக்குவதுதான் முதல் வேலை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேண்டும்.

அடுத்து, நாம் பார்த்த அதே படம்தானா என்று சரிபார்க்க வேண்டும். விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி இயக்கிய இந்தப் படம் 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுக்கப்பட்டு வெளிவந்தது. கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ், மணப்பெண் வத்சலாவாக சாவித்திரி, கிருஷ்ணனாக என்.டி. ராமராவ் ஆகியோர் இரண்டிலும் இருப்பதால், இணையத்தில் படத்தின் முகப்பை மட்டும் பார்த்து ஏமாறுவது எளிது. அபிமன்யுவைக் கவனியுங்கள், ஜெமினி கணேசன் என்றால் தமிழ்ப் படம், நாகேஸ்வர ராவ் என்றால் தெலுங்குப் படம். துரியோதனன் மகன் லட்சுமண குமாரனாகத் தங்கவேலுவும் சகுனியாக நம்பியாரும் வந்தால் இன்னும் உறுதி. வண்ணத்தில் ஓடுகிறது என்றால் அது 2010-இல் வண்ணம் ஏற்றி வெளியிட்ட தெலுங்குப் படமாகவே இருக்கும். நாம் பார்த்தது கறுப்பு வெள்ளை. ஓடும் நேரத்தையும் பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்; அதை விட்டு வேறு பிரதியைத் தேடுவது நல்லது. தஞ்சை ராமையாதாஸின் வசனமும் பாட்டும் இந்தப் படத்தின் பாதி உயிர் என்பதால், தெலுங்குப் படத்தைத் திரையடியில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துக்களோடு பார்ப்பது நம் இளமைக்கால அனுபவத்துக்கு ஈடாகாது.

தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பாதிக் கெடுதல் அங்கேதான் நடக்கிறது. அந்தக் காலத்துத் திரை ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்ற அளவுடையது. இன்றைய அகலப் பெட்டிகள் அதை இழுத்து நிரப்பிவிடுவதால் சாவித்திரியின் முகம் தட்டையாகி, ஏற்கெனவே ஆஜானுபாகுவான ரங்காராவ் பீப்பாய்போல ஆகிவிடுகிறார். படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்படி வையுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று பெட்டியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு இருபத்துநான்கு படங்களாக எடுக்கப்பட்ட பிலிமில், இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு பொருள் சட்டென்று மறைவதுதான் மாயம். அந்த வசதி நடுவில் புதிதாகப் படங்களைச் செருகுவதால் மாயத்தின் கூர்மை மழுங்கிப்போகிறது. சுற்றொலி அமைப்பும் தேவையில்லை. கண்டசாலாவின் இசை ஒற்றை ஒலித்தடத்துக்காகப் பதிவானது. அது அப்படியே எளிமையாகக் கேட்கட்டும்.

யாரோடு பார்ப்பது என்பதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஊர்களில் இத்தகைய படங்களைக் கூட்டத்தோடுதான் பார்த்தோம். டூரிங் கொட்டகையின் தரை டிக்கெட்டில், முன்னால் இருப்பவரின் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தோம், கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் இரவில் வேட்டியைத் திரையாகக் கட்டியும், பிற்காலத்தில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கிலும் பார்த்தோம். ஒருவர் சிரிக்கத் தொடங்கினால் பத்துப் பேர் சேர்ந்துகொள்ளும் அந்தச் சிரிப்பு படத்தின் ஒரு பகுதியே ஆகும். வீட்டில் ஆச்சி இருந்தால் அவரை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சியையும் மதினியையும் பிள்ளைகளோடு வரச் சொல்லுங்கள். ஒரேயொரு புரொஜெக்டர் இருந்த கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்கும் கடலையும் வரும்; அதுபோல் நீங்களும் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி விளக்கைப் போடுங்கள். அந்த இடைவேளைகளில்தான் ஆச்சி, 'அடுத்து என்ன நடக்கும் தெரியுமா?' என்று பிள்ளைகளிடம் கேட்பார். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்யாண விருந்தைக் காட்டும் படம் என்பதால் எங்கள் பக்கத்து மறுவீட்டு விருந்துக்குரிய தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் அன்றைக்கு வைத்துவிட்டால் போதும். மறுவீட்டுச் சாப்பாடு திரையிலும் இலையிலும் ஒன்றாக நடக்கும்.

முதல் முறை பார்க்கும்போது எதையும் ஆராயாதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் 'இது கிராபிக்ஸா?' என்று கேட்டால், பிறகு காட்டுகிறேன் என்று சொல்லி அமர்த்திவிடுங்கள். இவ்வூர் மக்களுக்கு மாயத்தைக் கண்டு சிரிப்பது புதிதல்ல. மாயாண்டி என்றே அழைக்கப்படும் சுடலைமாடசாமியின் கதையை வில்லுப்பாட்டில் இரவு முழுவதும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் உருமாறுவதையும் மந்திரவாதியை மடக்குவதையும் புலவர் பாடும்போது, பயமும் சிரிப்பும் ஒரே வரியில் வரும். சாமியிடம் நடுங்கிக்கொண்டே அவருடைய குறும்பை ரசிக்கும் அந்தப் பழக்கத்தோடு பார்த்தால், கடோத்கஜன் அரக்கனாகவும் பாசமுள்ள அண்ணனாகவும் ஒரே நேரத்தில் தெரிவதில் முரண்பாடே இருக்காது. படம் முடியும்வரை அந்த மனநிலையிலேயே இருங்கள்.

இரண்டாம் முறையை ஓரிரு நாள் கழித்து, மாயக் காட்சிகளுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். லட்டுகள் தாமே எழுந்து கடோத்கஜனின் வாய்க்குள் போகும் இடத்தில் படத்தை மெதுவாக ஓடவிடுங்கள். அந்தக் காலத்தில் கணினி இல்லை. மார்க்கஸ் பார்ட்லியின் கேமராவும், கோகலே, கலாதர் ஆகியோரின் அரங்கமும், நடிகர்களின் பொறுமையுமே இருந்தன. ஒரு பொருளை மறையச் செய்வதற்கு, நடிகர் சிலைபோல நிற்க, கேமராவை நிறுத்தி, பொருளை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க மறைந்த பொருளைப் பார்க்கக் கூடாது, நடிகரின் தோளில் கிடக்கும் துணி மடிப்பைப் பார்க்க வேண்டும்; நிறுத்திய கணத்தில் அந்த மடிப்பு மயிரிழை அளவாவது துள்ளும். சில காட்சிகளில் பிலிமைப் பின்னோக்கி ஓடவிடுவார்கள். புகையோ துணியோ இயல்புக்கு மாறாக அசைந்தால் அதுதான் அடையாளம். ஒருவர் பேருருவம் எடுக்கும் காட்சியில், ஒரே பிலிமில் இரண்டு முறை படம்பிடித்துச் சேர்ப்பது அன்றைய வழக்கம். அத்தகைய இடங்களில் உருவத்தின் ஓரக்கோட்டை உற்றுப் பாருங்கள். பிள்ளைகள் இதை மிக வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். தந்திரம் தெரிந்துவிட்டால் ரசனை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இத்தனை பேர் மூச்சை அடக்கி நின்று செய்த வேலை என்று தெரியும்போது மதிப்பு கூடவே செய்கிறது.

ஆனால் இந்தப் படத்தின் மிகப் பெரிய மாயத்தில் கேமராவுக்கு வேலையே இல்லை. கடோத்கஜன் வத்சலாவின் உருவில் கல்யாண வீட்டில் உலவும் காட்சிகளை மறுபடி ஓடவிட்டு, சாவித்திரியை மட்டும் பாருங்கள். யாராவது பார்க்கும்போது தலை குனிந்து பெண்ணின் நாணத்தோடு நடப்பவர், முதுகு திரும்பியதும் தோளை விரித்து, கால் அகற்றி, ரங்காராவின் மிடுக்கோடு நிற்பார். ஒப்பனையும் உடையும் மாறுவதில்லை, முதுகெலும்பு நிமிரும் விதம் ஒன்றே மாறுகிறது. சிறுவயதில் நாம் அதைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, எத்தனை கடினமான நடிப்பு என்று அறியவில்லை. சத்தியபீடத்தின்மேல் ஏறி நின்று உள்ளதையெல்லாம் உளறும் சகுனியையும் இந்தக் கவனத்தோடு பாருங்கள். நம்பியாரின் முகத்தில் தந்திரமும் தவிப்பும் மாறி மாறி ஓடும். பாண்டவர் ஐவரும், அவர்கள் வீட்டுக் கதையாக இருந்தும், திரையில் ஒருமுறைகூடத் தலைகாட்டாததையும் இப்போதுதான் பலர் கவனிப்பார்கள். அதைப் பிள்ளைகளிடம் புதிராகக் கேட்டால் நல்ல வாதம் நடக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் அடுத்து என்ன படம் என்று கேட்டால், 1967-இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' பொருத்தமாக இருக்கும். ஜெய்சங்கர், நாகேஷ், கே.ஆர். விஜயா ஆகியோரோடு, ஜாடியிலிருந்து வெளிப்படும் பூதமாக ஜாவர் சீதாராமன் நடித்த படம் அது, எழுதியவரும் அவரே. அரண்மனையும் அரக்கரும் இல்லாத பட்டணத்து வீதியில் பூதம் என்ன செய்யும் என்பது அதன் கதை. அதற்கும் திரையின் அளவைச் சரிசெய்து, ஆச்சியை முன்வரிசையில் உட்கார வைத்துத் தொடங்குங்கள்.