ஆம்பைத் தூக்குவதும் சாய்ப்பதும்: கிட்டார் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிசை மேடையில் கிட்டார் வாசிப்பவனுக்கும் மைக் செட்காரருக்கும் நடக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான்; கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியான ஆம்பைப் பற்றியது. "தம்பி, ஆம்பைக் கொஞ்சம் குறையுங்கள்" என்பார் அவர். "எனக்கே கேட்கவில்லை அண்ணே" என்பான் இவன். இருவருமே பொய் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்து மேடை மூன்றடி உயரம். அதன்மேல் தரையோடு தரையாக வைத்த ஆம்பின் ஸ்பீக்கர், மேடையில் நிற்பவனின் முழங்காலைப் பார்க்கிறது. கீழே முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் காதையோ நேருக்கு நேர் பார்க்கிறது. தனக்குக் கேட்கட்டும் என்று இவன் கூட்டுவதெல்லாம் அந்தப் பெரியவர் தலையில்தான் விடிகிறது.

ஆம்பைத் தூக்கி வைப்பது அல்லது பின்னால் சாய்த்து வைப்பது இதற்கு மருந்து. புதிய மருந்தும் அல்ல. 1960-களிலேயே ஃபெண்டர் நிறுவனம் ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய ஆம்ப்களின் இரு பக்கமும் கால்களைப் பொருத்தி விற்றது; அவற்றைத் திருப்பிவிட்டால் பெட்டி பின்னால் சாய்ந்து நிற்கும். மார்ஷல் நிறுவனத்தின் நான்கு ஸ்பீக்கர் பெட்டியிலும் ஒரு வகையில் மேல் இரண்டு ஸ்பீக்கர்கள் சற்று அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். மருந்தில் குறையில்லை. சாப்பிடும் விதத்தில்தான் கோளாறு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சாய்த்த பிறகும் குமிழ்களைப் பழைய நிலையிலேயே விட்டுவைப்பது. 12 அங்குல ஸ்பீக்கரின் அகலம் 30 சென்டிமீட்டர். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். அலை ஸ்பீக்கரைவிட நீளமாக இருக்கும்வரை ஒலி சாம்பிராணிப் புகையைப் போல நாலா பக்கமும் பரவும். அலை குறுகக் குறுக டார்ச் வெளிச்சம்போல ஒரே திசையில் குவியும். கிட்டாரின் பளிச்சென்ற கூர்மையும், தந்தியில் பிக் படும் அந்த 'டிக்' சத்தமும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கின்றன. எல்லாம் டார்ச்சுக்குள் அடக்கம்.

தரையிலிருக்கும் ஆம்புக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றால், நம் காது ஸ்பீக்கரின் நேர்த்திசையிலிருந்து 50 டிகிரி விலகியிருக்கிறது. வெளிச்சம் முழங்காலில் விழ, காதுக்கு வந்து சேருவது போர்வைக்குள்ளிருந்து பேசுவது போன்ற மந்தமான ஒலி. உடனே கூர்மையைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை ஏழுக்கும் எட்டுக்கும் திருப்புகிறோம். பிறகு யாரோ சொன்னார் என்று ஆம்பைச் சாய்த்ததும் கீச்சென்று காதைக் குத்துகிறது. "சாய்த்தால் டோன் கெட்டுப்போகிறது" என்று மறுபடியும் தரையில் இறக்கிவிடுகிறோம். இத்தனை நாளும் முதல் வரிசைப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். நமக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே சாய்த்த கையோடு ட்ரெபிளையும், இருந்தால் அதேபோல் கூர்மையைக் கூட்டும் பிரசென்ஸ் குமிழையும் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். வாசித்துக் கேட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வால்யூமும் தானாகவே இறங்கும். நம் காதுக்குத் தெளிவு கிடைத்துவிட்டால் சத்தம் தேவைப்படுவதில்லை.

அடுத்தது, தூக்குவதும் சாய்ப்பதும் ஒன்றுதான் என்று நினைப்பது. தரை பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, துணை. ஆம்ப் தரையில் இருக்கும்போது கீழ்ப்பக்கமாகப் போகும் ஒலியும் திரும்பி வந்து நமக்கே சேர்கிறது. ஒன்றரை அடி தூக்கினால் அந்தத் துணை குறைகிறது. போதாததற்கு, நேராக வரும் ஒலியும் தரையில் பட்டுத் தாமதமாக வரும் ஒலியும் சில சுரங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஆம்ப், இரண்டரை மீட்டர் தள்ளி நாம் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பாதைகளுக்கும் 79 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. அப்படியானால் இரண்டும் அழித்துக்கொண்டு ஒலியில் பள்ளம் விழுவது 215 ஹெர்ட்ஸ் பக்கம். கிட்டாரின் சதைப்பிடிப்பே அங்கேதான் இருக்கிறது. அதே ஆம்ப் தரையில் இருந்தால் பள்ளம் 530-க்குப் போய்விடுகிறது. தூக்கியதும் "ஒலி மெலிந்துவிட்டது" என்று சிலர் முகம் சுளிப்பது வீண் புலம்பல் அல்ல.

என் வழக்கம் இதுதான்: சிமெண்ட் அல்லது கல் மேடை என்றால் தரையில் வைத்தே சாய்ப்பேன். பேஸ் தங்கும், ட்ரெபிள் காதுக்கு வரும். பந்தல்காரர் அடித்த பலகை மேடை என்றால் தூக்கிவிடுவேன். அந்த மேடை உள்ளே வெறும் கூடு. ஆம்பின் அதிர்வு இறங்கினால் மேடை முழுவதும் மேளமாகிவிடும். தாழ்ந்த சுரம் எதை வாசித்தாலும் கும்மென்ற ஒரே முழக்கம்தான் மிஞ்சும். அங்கே தரையின் துணையை இழப்பது லாபம்.

எதன்மேல் தூக்குவது? இங்கே நம் ஊரின் தேசியத் தவறு, பிளாஸ்டிக் நாற்காலி. மண்டபத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். இருக்கை பின்பக்கம் கொஞ்சம் சரிந்திருப்பதால் சாய்வும் இலவசம். நானும் பல ஆண்டுகள் அதில்தான் வைத்தேன். ஒரு வரவேற்பில் வேகமான பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தபோது, பளபளப்பான கிரானைட் தரையில் நாற்காலியின் கால்கள் மெல்ல அகலத் தொடங்கின. ஆம்ப் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நடந்து வந்துவிட்டது. சரணம் முடியும்வரை அதைத் தாங்கிப் பிடித்தது கீபோர்டுகாரரின் வலது முழங்கால். இடைவேளையில் அவர் என்னிடம் பேசவில்லை. அதன்பிறகு நான் தேடுவது சோடா பாட்டில் அடுக்கும் கிரேட்டை. கவிழ்த்துப் போட்டு மேலே ஒரு சாக்கை மடித்து விரித்தால் அசையாது. நான்கு காலும் சமமாக ஊன்றும் மர ஸ்டூலும் சரிதான்.

சாய்ப்பதற்கு ஒரு செங்கல் போதும். 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியின் முன்விளிம்புக்கு அடியில் செங்கல்லைப் படுக்கை வாட்டில் வைத்தால் 17 டிகிரி சாய்வு கிடைக்கும். பன்னிரண்டு பதின்மூன்று அடி தள்ளி நிற்பவரின் காதுக்கு அது நேராகப் பார்க்கும். நெருங்கி நிற்பவர்கள் இன்னொரு செங்கல் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அரை மீட்டர் உயரமுள்ள அந்தப் பெட்டியின் பளு நட்டநடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் 26 டிகிரியில் மல்லாந்துவிடும். பெரும்பாலான ஆம்ப்களில் டிரான்ஸ்ஃபார்மர்கள் மேல்பகுதியில்தான் தொங்குகின்றன. ஆகவே அதற்கு முன்பே விழும். நெருங்கி நிற்க வேண்டிய மேடையில் ஸ்பீக்கர் தோளைப் பார்த்தால் போதும், காதையே குறிவைக்க வேண்டியதில்லை. டார்ச்சின் நட்டநடுவைவிட அதன் ஓரம்தான் கேட்க இதமானது என்பது என் கட்சி. ஸ்பீக்கர் பெட்டி தனி, ஒலியைப் பெருக்கும் ஹெட் தனி என்று வைத்திருப்பவர்கள் பெட்டியைச் சாய்க்கும்போது மேலிருக்கும் ஹெட்டை முதலில் இறக்கிக் கீழே வைத்துவிடுங்கள்.

விழுமோ என்ற பயத்தில் சுவரில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. பின்பக்கம் திறந்த ஆம்புகளில் பின்னாலிருந்தும் ஒலி வருகிறது. சுவரில் ஒட்டினால் அது அடைபட்டுக் குழம்பும். மண்டபத்தில் சுவர்கூட இருக்காது, அலங்காரத் துணிதான் தொங்கும். சூடேறும் கண்ணாடி வால்வுகளால் இயங்கும் ஆம்பாக இருந்தால் அந்தச் சூட்டில் துணி உரசுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இரண்டடி இடைவெளி விட்டே தீர வேண்டும்.

காதுக்கு நேராக வைப்பதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வாசிப்பவனின் காது உயரம்தான் பாடுபவரின் மைக் உயரமும். பாடகிக்குப் பின்னால் ஆம்பைச் சாய்த்து வைத்தால் கிட்டார் நேராக அவருடைய மைக்கில் புகும். அதன்பிறகு மைக் செட்காரர் பாடகியின் குரலை ஏற்றினால் கிட்டாரும் கூடவே ஏறும். அவர் நம்மை முறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆம்பை மேடையின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குறுக்குவாட்டில் திருப்புங்கள். ஸ்பீக்கரின் அந்த டார்ச் வெளிச்சம் நம் மேல் பட்டு எதிர்ப்பக்கம் போகட்டும். அந்த வழியில் எந்த மைக்கும் வேண்டாம். கூட்டத்துக்குக் கிட்டாரைக் கொண்டுபோவது பெரிய ஒலிபெருக்கிகளின் வேலை.

அதற்காக ஆம்பின் முன்னால் ஒரு மைக் வைப்பார்கள். பெட்டியைச் சாய்த்தால் மைக்கையும் அதே அளவு சாய்க்க வேண்டும். ஸ்டாண்ட் பழையபடி நேராகவே நின்றால் மைக் ஸ்பீக்கரைக் கோணலாகப் பார்க்கும், ஒலி மாறும். சவுண்ட் செக் முடிந்ததும் செங்கல்லைச் சுற்றியும் ஸ்டாண்டின் காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். புகைப்படக்காரர் எப்படியும் வந்து ஆம்பை நகர்த்தச் சொல்வார்.