புதிதாக ரோபோ போட்டிக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ரோபோட்டிக்ஸ் கழகம் வைத்திருக்கும் பாடசாலைகள் கூடிக்கொண்டு வருகின்றன. தரம் எட்டிலேயே ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் இப்படி இருக்கவில்லை. ஆனாலும் போட்டி மண்டபத்துக்குப் போனால், அன்று நாங்கள் விட்ட அதே பிழைகளை இன்றைய பிள்ளைகளும் வரிசை மாறாமல் விடுவதைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பற்றரியை மாறிக் கொழுவுவது, லப்டொப்பில் வேறு போர்ட்டைத் தெரிவுசெய்துவிட்டுக் கோட் (புரோகிராம்) ஏற்றுவது, ஒரு மோட்டர் முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் சுற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை அரை மணித்தியாலத்தில் தாமாகவே வெளியே வந்துவிடும். வீட்டில் ஒளிந்திருந்துவிட்டுப் போட்டியன்று தலை காட்டுகிற பிழைகள்தான் பிள்ளைகளை அழ வைக்கின்றன.

விதிகளை வாசிக்காமல் கட்டத் தொடங்குவது

முதலில் விதிப் புத்தகம், பிறகுதான் ஸ்குரூ டிரைவர். ஃபெர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ரோபோவை லெகோ பாகங்களால்தான் கட்ட வேண்டும். ஆர்டுயினோவில் நீங்கள் எவ்வளவு திறமாகக் கட்டியிருந்தாலும் அங்கே விடமாட்டார்கள். உலக ரோபோ ஒலிம்பியாட்டின் ரோபோமிஷன் பிரிவில், புறப்படும் முன் ரோபோ 25 சென்ரிமீற்றர் நீள, அகல, உயரத்துக்குள் அடங்க வேண்டும். வெளியே தொங்குகிற வயரும் அந்த அளவுக்குள் சேரும். போதாததற்கு, அன்று காலையில்தான் சப்ரைஸ் ரூல் என்று புதிதாக ஒன்றையும் அறிவிக்கக்கூடும். இதெல்லாம் தெரியாமல் போன பிள்ளை, பரிசோதனை மேசையிலேயே வயரை மடித்து டேப் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

குழுவில் ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதாது. எல்லோரும் வாசியுங்கள். ஒருவர் கவனிக்காத வரி இன்னொருவர் கண்ணில் படும்.

9 வோல்ற்று சதுரப் பற்றரி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் பிள்ளைகளில் இல்லை. ரோபோ கிட் என்று பெட்டியில் போட்டு, கூடவே ஒரு சதுரப் பற்றரியையும் அதன் கிளிப்பையும் வைத்து விற்கிறார்களே, அதில்தான். வீடியோக்களும் அதையே காட்டுகின்றன. பார்க்கிற பிள்ளை வேறு என்ன செய்யும்?

தரையில் உள்ள கறுப்புக் கோட்டை ரோபோ பின்தொடரும் போட்டி ஒன்றில் ஒரு குழு விறாந்தையில் குந்தியிருந்து புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தது. ரோபோ நேர்கோட்டில் வடிவாக ஓடுகிறது. வளைவு வந்ததும் ஒரு கணம் நின்று, குலுங்கி, பாதையை விட்டு விலகிவிடுகிறது.

“வீட்டில நல்லா ஓடினது அண்ணா. இஞ்ச வந்துதான் குழப்புது. பி.ஐ.டி. பெறுமானம் பிழை போல கிடக்கு.”

“வீட்டில என்னத்தில ஓட விட்டனீங்கள்?”

“யூ.எஸ்.பி. வயரில. பிறகு இந்தப் பற்றரியில.”

பற்றரியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. குழப்பத்துக்குக் காரணம் கோட் இல்லை. முதல் நாள் இரவு முழுக்க நித்திரை முழித்து எழுதிய கோட் அது. நல்லாக இருந்த பி.ஐ.டி. பெறுமானங்களையும் (கோட்டை விட்டு விலகும்போது எவ்வளவு திருப்புவது என்று சொல்லும் எண்கள்) விறாந்தையில் செய்த திருத்தம் கெடுத்துவிட்டிருந்தது.

அந்தச் சதுரப் பற்றரிக்குள் 1.5 வோல்ற்றுச் சிறு கலங்கள் ஆறு தொடராக இருக்கின்றன. புகை எச்சரிக்கைக் கருவி, மல்ரிமீற்றர் மாதிரிக் கொஞ்ச மின்னோட்டம் குடிக்கும் சாமான்களுக்காகச் செய்தது. கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லியம்பியர் மணித்தியாலம், அதுவும் மெதுவாக எடுத்தால்தான். கிட்டில் வரும் மஞ்சள் நிற மோட்டர் இரண்டு ஒரேயடியாகப் புறப்படும்போது ஒரு அம்பியரைச் சாதாரணமாகக் கேட்கும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். அகத்தடையால் இழக்கும் அழுத்தத்தை மின்னியக்க விசையிலிருந்து கழித்தால் வருவதுதான் முனைகளுக்கிடையிலான அழுத்தம். கடந்தகால வினாத்தாளில் இந்தக் கேள்வி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். தங்கள் கையில் இருக்கும் ரோபோவில் அதே கேள்வி ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் காணமாட்டார்கள்.

சரி, போட்டுப் பார்ப்போம். புது அல்கலைன் பற்றரியின் அகத்தடை 2 ஓம் அளவில் இருக்கும். மலிவான கார்பன் சிங்க் வகையில் அதைப்போலப் பல மடங்கு. நடுவில் 4 ஓம் என்று வையுங்கள். ஒரு அம்பியர் ஓடினால் 4 வோல்ற்று உள்ளேயே போய்விடும். மிச்சம் 5. மோட்டர்களுக்கு மின்னைத் திறந்துவிடும் எல்298என் மோட்டர் டிரைவர் பலகை தன் பங்குக்கு 2 வோல்ற்று அளவில் விழுங்கும். மோட்டருக்குக் கிடைப்பது 3. அதே பற்றரியிலிருந்துதான் ஆர்டுயினோ ஊனோவும் குடிக்கிறது. அதன் பவர் சொக்கெட்டுக்கு 7 முதல் 12 வோல்ற்று வரை கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கே வருவது 5. போர்டில் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சென்சர் வாசிப்புகள் ஆடத் தொடங்கும். இன்னும் இறங்கினால் சிப் ரீசெட் ஆகி, புரோகிராமை முதலில் இருந்து தொடங்கும்.

ஏன் வளைவில்? வளையும்போது ஒரு சில்லு நின்று மற்றது வேகமெடுக்கும், அல்லது ஒன்று திசை மாறிச் சுற்றும். மின்னோட்டம் உச்சத்துக்குப் போவது அந்தக் கணத்தில்தான். பிள்ளைக்கோ வளைவில் பிழைப்பது மட்டும் தெரிகிறது. வளைவைக் கவனிப்பது கோட், ஆகவே கோடில்தான் பிழை என்று நினைக்கிறது. நியாயமான முடிவுதான். ஆனால் தவறு.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. புரோகிராம் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியின் முதல் வரியில் பஸர் ஒருமுறை கீச்சிடும்படி எழுதிவிடுங்கள். ரோபோ பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கீச் என்று கேட்டால் சிப் ரீசெட் ஆகிவிட்டது. லப்டொப்பை மூடிவிட்டுப் பற்றரியையும் வயர்களையும் பாருங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் எங்கள் பிள்ளைகளை நான் பாதையில் ரோபோ விட விடுவதில்லை.

சதுரப் பற்றரிக்குப் பதில் 18650 என்ற உருளை வடிவ லிதியம் பற்றரி இரண்டைத் தொடராகப் போடுங்கள். 7.4 வோல்ற்று, முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 8.4. டிரைவர் விழுங்கியது போக மிஞ்சுவது, 3 முதல் 6 வோல்ற்றில் ஓடும் மஞ்சள் மோட்டருக்கு அளவாக இருக்கும். அதே பற்றரியிலிருந்து ஊனோவுக்குத் தனி வயர் கொண்டுபோங்கள். எல்லாவற்றின் கிரவுண்டும் (மறை முனை வயர்) ஓரிடத்தில் சேர வேண்டும். ரோபோவின் கையை அசைக்க சேர்வோ மோட்டர் இருந்தால் அதை ஊனோவின் 5 வோல்ற்று முனையில் கொழுவாதீர்கள். 5 வோல்ற்று ரெகுலேற்றர் ஒன்றைத் தனியாக வைத்துக் கொடுங்கள். லிதியம் வேண்டாம் என்று பாடசாலையில் சொன்னால், மீள்சார்ஜ் செய்யும் இரட்டை ஏ பற்றரி ஆறு போடலாம். பாரம் கூடும், அவ்வளவுதான்.

18650 வாங்கும்போதும் கவனம். 9900 மில்லியம்பியர் மணித்தியாலம் என்று அச்சடித்த பற்றரிகள் கிடைக்கின்றன. இந்த அளவு பற்றரியில் நல்லவையே பெரும்பாலும் 3500ஐச் சுற்றித்தான் நிற்கும். அச்சில் பொய் சொல்பவர்கள் உள்ளே என்ன வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். ஒரே நாளில் வாங்கிய சோடியைப் பிரிக்காமல் பாவியுங்கள். ஒவ்வொன்றும் 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்க விடாதீர்கள். அதற்குரிய சார்ஜரில் மட்டும் போடுங்கள். வெறும் பற்றரியைச் சாவிக்கொத்தோடு களிசான் பொக்கற்றில் போடவே போடாதீர்கள். முனைகள் முட்டினால் தீப்பிடிக்கும்.

இன்னுமொன்று. 8.4 வோல்ற்றில் ஓடும் மோட்டரும் 7 வோல்ற்றில் ஓடும் மோட்டரும் ஒரே வேகத்தில் சுற்றாது. “400 மில்லிசெக்கன் திரும்பு” என்று எழுதியிருந்தால், காலையில் சரியாக 90 பாகை திரும்பிய ரோபோ பின்னேரம் 70 பாகையில் நின்றுவிடும். நேரத்தை நம்பித் திருப்பாதீர்கள். சில்லின் சுற்றை எண்ணும் என்கோடர் அல்லது திரும்பிய கோணத்தை அறியும் ஜைரோ வையுங்கள். வசதியில்லையென்றால் இரண்டு சோடி பற்றரி வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் முழுச் சார்ஜில் இறங்குங்கள், பழகும்போதும் அப்படியே.

வெயிலை மறப்பது

எங்கள் பாடசாலை மண்டபங்கள் பலவற்றில் அரைச் சுவர், பெரிய யன்னல், பக்கத்தில் விறாந்தை. பத்து மணி வெயில் நேரே தரையில் விழும். வெயிலில் அகச்சிவப்புக் கதிர் நிறைய உண்டு, கோடு பார்க்கும் ஐஆர் சென்சரும் அதே கதிரைத்தான் தேடுகிறது. இரவில் டியூப் லைற்றுக்குக் கீழே அளந்த பெறுமானம் அந்த வெயிலில் செல்லாது.

சென்சரைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் பாவாடை மாதிரி ஒரு மறைப்புக் கட்டுங்கள். தரைக்கும் மட்டைக்கும் இடையில் சில மில்லிமீற்றர் விட்டால் போதும். அப்புறம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் உரிய எண்களைக் கோடில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். புறப்படும் முன் ரோபோவைக் கோட்டின் மேல் இடம் வலமாக அசைத்து, ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் அதுவே அளந்துகொள்ளும்படி எழுதுங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் எல்லா மையும் ஐஆருக்குக் கறுப்பு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். மார்க்கரால் கோடு கீறிப் பழகிவிட்டு, டேப் ஒட்டிய பாதையில் போய்த் திகைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இரவு பஸ்

கொழும்பில் போட்டி என்றால் ரோபோவுக்கும் இரவுப் பயணம்தான். ஏ9 வீதியில் விடிய விடிய குலுங்கிப் போய் இறங்கும்போது ஸ்குரூ தளர்ந்திருக்கும், ஜம்பர் வயர் ஒன்று பாதி கழன்றிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கழலக்கூடிய வயர்களைச் சொல்டர் பண்ணிவிடுங்கள், முடியாதவற்றைக் கட்டி டேப் ஒட்டுங்கள். க்ளூ கன்னால் ஒட்டிய சென்சரை நம்பாதீர்கள். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் அந்தப் பசை இளகிவிடும். பற்றரிகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டுபோங்கள். ஸ்குரூ டிரைவர், மல்ரிமீற்றர், மிச்ச வயர், இன்னொரு ஊனோ எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், கீழே லக்கேஜில் போட வேண்டாம்.

ஓடுகிற புரோகிராமின் மேலேயே எழுதுவது

ஓடியதைத் திகதி போட்டுச் சேமித்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

சாமானைக் கடைசியில் ஓடர் பண்ணுவது

கொழும்பிலிருந்து கூரியரில் வர வேண்டும். எரிந்துபோகக்கூடிய மோட்டர் டிரைவரை முதல் நாளே இரண்டாக வாங்குங்கள்.

அப்பா சொல்டர் பண்ணுவது

எப்படிக் கட்டியது என்று நடுவர் பிள்ளையிடம்தான் கேட்பார்.

ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரோபோ

ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருக்கும். கோட் எழுதுவதும் அதுதான், வயர் கொழுவுவதும் அதுதான். மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். ஒரு குழுவில் அந்தப் பிள்ளைக்குப் போட்டிக்கு முதல் நாள் காய்ச்சல். வந்த மற்ற மூன்று பேருக்கும் எந்த ஸ்விட்சை முதலில் போடுவது என்றே தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது, ஏனென்றால் அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கை வைக்க யாரும் இடம் கொடுக்கவில்லை.

டியூசன் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையைக் கதிரையில் இருத்திவிடுங்கள். வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ரோபோவை முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, கோட் ஏற்றி, ஒரு சுற்று ஓட விடட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அதை ஒரு தாளில் எழுதி ரோபோப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளை மட்டும் பார்த்து மறுபடி செய்யட்டும்.