மழை விட்டபின் ஏழு நாள் கணக்கு

முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் சென்னையில் மழை ஓய்ந்ததும் வாரம் ஒரு நாள் குறித்து, மொட்டைமாடியிலிருந்து கீழே இறங்கியபடி எங்கெல்லாம் நீர் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் இலை அடைத்த மழைநீர்க் குழாய் வாய். பிறகு பழைய டயர், பெயின்ட் வாளி, தொட்டிச்செடித் தட்டு, ஏசி நீர் சொட்டும் பக்கெட். பலரும் மறப்பது ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு.

கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள்.

சம்ப் (தரைக்கடித் தொட்டி), மேல்நிலைத் தொட்டி மூடியில் விரல் நுழையும் சந்து இருந்தாலே கொசு போகும். நைலான் வலையை இழுத்துக் கட்டுங்கள். தொட்டியின் வழிநீர்க் குழாய்க்கும், செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும் அப்படியே. கிணற்றில் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். ஏரி குளத்தில் வேண்டாம், நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

தெருவில் அடிக்கும் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். நீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.