ஆப்பிள் மணம் கலப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசனைத் திரவியம் கலக்கப் பழகுபவர்கள் சுலபம் என்று நினைத்து முதலில் கை வைப்பது ஆப்பிள் மணத்தில்தான். பழகிய காலத்தில் நான் செய்த கோளாறுகளையே இப்போது அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தராசைச் சரிபார்க்காதது, குப்பியில் பெயர் ஒட்டாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே திருந்திவிடும்.

"இயற்கை ஆப்பிள் எண்ணெய்" வாங்குவது

ரோஜாவைப் போல ஆப்பிளைக் காய்ச்சி வடித்து வாசனை எண்ணெய் எடுப்பதில்லை. அந்தப் பெயரில் கிடைப்பது கலவை.

மணம் மங்குகிறதென்று எஸ்டரைக் கூட்டுவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பச்சை ஆப்பிளின் முதல் வீச்சைத் தருபவை ஹெக்சில் அசிடேட், மன்சனேட், எத்தில் 2-மெத்தில்பியூட்டிரேட் போன்ற எஸ்டர்கள், அதாவது பழவாசம் தரும் வேதிச் சேர்மங்கள். முதல் இரண்டின் மூலக்கூறு எடை 144, மூன்றாவதன் எடை 130. இவ்வளவு இலேசானவை எப்படி நிற்கும்? காலையில் காகிதப் பட்டையில் தொட்டு வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பெரும்பகுதி பறந்துவிடும். அது அவற்றின் குணம்.

அண்மையில் ஒரு பையன், "ஐயா, ஆப்பிள் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று கலவையோடு வந்தான். குறிப்பேட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் மன்சனேட் இரட்டிப்பாகியிருந்தது. பட்டையை மூக்கருகே கொண்டுபோனதும் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் மொட்டைக் கஸ்தூரி மட்டும் மிச்சம். இத்தனையையும் அவன் சிறு சோதனைக் குப்பியில் செய்யவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த மொத்தக் கலவையிலேயே ஊற்றிக்கொண்டு போயிருக்கிறான்! ஊற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. நல்ல சந்தன எண்ணெயும் அதோடு பாழ்.

கூட்ட வேண்டியது மேலே, முதலில் பறப்பவற்றில் அல்ல; அடியில், நின்று மணப்பவற்றில். ஆல்ஃபா டமாஸ்கோனின் எடை 192. ரோஜா, பிளம் சாயலோடு ஆப்பிளையும் காட்டும். வெர்டாக்ஸ் 198, ஆப்பிளோடு மரவாசமும் உண்டு. இலேசான எஸ்டர்கள் பறந்த பிறகும் பழம் இருப்பதாக மூக்கை நம்பவைப்பவை இவைதாம். 1998-ல் வந்த ஹியூகோ பாஸ் நிறுவனத்தின் பாஸ் பாட்டில்ட் வாசனைத் திரவியத்தை முகர்ந்து பாருங்கள். ஆப்பிள் முன்னால் வந்து பேசிவிட்டுப் போகிறது. இலவங்கப்பட்டை, வனிலா, சந்தனம் எல்லாம் அதன் இனிப்பை வாங்கிக்கொண்டு தொடர்கின்றன.

டமாஸ்கோனை அப்படியே சொட்டுவது

ஒரு விழுக்காட்டுக் கரைசலாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடினாலும் ஜாம் வாசம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தோல் ஒவ்வாமை காரணமாக இதற்கு இஃப்ரா என்னும் சர்வதேச வாசனைத் துறைச் சங்கத்தின் வரம்பும் உண்டு. ஆல்ஃபா, பீட்டா, டெல்டா என்று பிரித்துப் போட்டுத் தப்பிக்க முடியாது. எல்லாவற்றின் கூட்டுத்தொகைக்கும்தான் அந்த வரம்பு.

கலந்த கையோடு முகர்ந்து முடிவெடுப்பது

வேண்டாம்.

அதே கலவையைச் சோப்பில் போடுவது

காரம் எஸ்டரை உடைக்கும். சோப்புக்குத் தனிக் கலவை செய்யுங்கள். ஒரு கட்டியில் மட்டும் போட்டுச் சில வாரம் உலரவிட்டு, முகர்ந்த பிறகு மீதியைத் தொடுங்கள்.