கல்யாணமாகிக் குமரி மேற்கே குடிவருபவர்களுக்கு: முதல் வருடம், படிப்படியாக

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே திருவட்டாறு பக்கம் வந்து எனக்கு நான்கு வருடமாகிறது. என் கணவருக்கு வேலையும் அம்மாவும் கொஞ்சம் ரப்பரும் இங்கே. என் வேலை மடிக்கணினிக்குள் இருக்கிறது. அதனால் நகர வேண்டியது நான்தான் என்று இருவரும் சேர்ந்தே பேசி முடிவெடுத்தோம். வந்த பிறகு முதல் எட்டு மாதம் நான் இந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்தேன். மருந்துக் கடை, பேங்க், கறிகாய் என்று எல்லாவற்றுக்கும் அவர் சாயங்காலம் வரட்டும் என்று காத்திருந்தேன். அவரும் முகம் சுளிக்காமல் செய்துகொடுத்தார். அந்த அன்பிலேயே ஊர் எனக்குப் பழகாமல் போயிற்று.

ஆகவே இந்தச் செய்முறைக்கு ஒரே விதிதான்: ஒவ்வொரு படியிலும் ஒரு வேலையையாவது துணை இல்லாமல், நீங்களே போய் முடியுங்கள்.

படி 1: கிளம்பும் முன் காகிதங்கள்

வரிசை முக்கியம். முதலில் கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். பிறந்த ஊரில் கல்யாணம் என்றால் அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சான்றிதழ் கையிலிருந்தால் ஆதார் முகவரி மாற்றம் சுலபம். உங்கள் பேரில் வாடகை ரசீதோ கரண்ட் பில்லோ இருக்காது. அதனால் 'குடும்பத் தலைவர்' வழியாக மாற்றும் முறையை ஆதார் இணையதளத்தில் தேர்ந்தெடுங்கள். உறவைக் காட்ட கல்யாணச் சான்றிதழ் போதும். துணை தன் ஆதார் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் சம்மதம் தர வேண்டும், அதை மறந்தால் விண்ணப்பம் போய்விடும்.

அடுத்தது ரேஷன் கார்டு. அப்பா அம்மா கார்டிலிருந்து உங்கள் பேரை நீக்கி, அந்த நீக்கம் ஏற்கப்பட்ட பிறகுதான் இங்கே சேர்க்க முடியும். ஒரே பேர் இரண்டு கார்டில் இருக்க முடியாது. நான் நீக்காமலே சேர்க்கப் போட்டேன், இரண்டு தடவை திரும்பி வந்தது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. டிரைவிங் லைசென்ஸ் அவசரமில்லை, நாடு முழுக்கச் செல்லும்.

அசல் காகிதங்களைச் சாமான் வண்டியில் ஏற்றாதீர்கள். தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீங்கள் எந்தக் குமரிக்கு வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியூர்க்காரர்களுக்குக் கன்னியாகுமரி என்றால் முக்கடலும் விவேகானந்தர் பாறையும். குடியிருக்க வருபவருக்கு இது ஒரே ஊர் இல்லை. தோவாளை பக்கம் வயலும் பூவும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றும். கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் பள்ளமுமாக ரப்பரும் மழையும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரை தனி உலகம். நான் எழுதுவது மேற்குப் பக்கத்தைப் பற்றி.

இந்தப் பக்கம் ஊர்ப் பேர்களைப் பாருங்கள், பலதும் 'விளை' என்று முடியும். விளை என்றால் மரங்கள் நிற்கும் தோட்டம். ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்கு நடுவில் இருக்கும். கொங்கு நாட்டில் நான் வளர்ந்தது தெருவில். திண்ணையில் உட்கார்ந்தால் நாலு பேர் கடந்துபோவார்கள், அதில் இரண்டு பேராவது நின்று பேசுவார்கள். இங்கே வாசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் மரம்தான் தெரியும். முதல் மாதங்களின் தனிமைக்குப் பாதிக் காரணம் இதுவே என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அதுவரை மனிதர்கள் என்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். இங்கே ஆட்கள் கூடும் இடங்கள் வேறு: காலையில் பால் சொசைட்டி, சாயாக்கடை, கோயில், சர்ச், பஸ் நிறுத்தம். நீங்கள்தான் அங்கே போக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போங்கள். பத்தாவது நாள் யாராவது "எந்த வீடு?" என்று கேட்பார்கள்.

வாடகை வீடு பார்ப்பதானால் கேட்க வேண்டியவை: சித்திரை வெயிலில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கூரைக்கு மேல் தென்னையோ பலாவோ சாய்ந்திருக்கிறதா, மழையில் துணி காயப்போடக் கூரையுள்ள இடம் உண்டா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதுதான் ஆறு மாதம் படுத்தும்.

படி 3: மழைக்கு வீட்டைத் தயார் செய்தல்

இங்கே இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. முடிந்தால் ஜனவரியில் குடிவாருங்கள், வீட்டையும் வழியையும் பழக நாள் கிடைக்கும். நான் மே கடைசியில் வந்தேன். ஜூலையில் பீரோவைத் திறந்தபோது முகூர்த்தப் பட்டில் வெள்ளையாகப் பூஞ்சை.

செய்ய வேண்டியது இதுதான். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பட்டை பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மழை விட்ட நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். செருப்பு, தோல் பை எல்லாம் வெளியே காற்றுப்படும் தட்டில் இருக்கட்டும். உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் பரணி வாங்குங்கள். மாவும் பருப்பும் பதினைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். இடி மின்னல் தொடங்கினால் டிவி, மோடம் இரண்டின் பிளக்கையும் உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

படி 4: அடுப்படி

மனதுக்கு மிக நெருக்கமான படி இது, அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் சொற்கள். எங்கள் ஊரில் சக்கை என்றால் கரும்பைப் பிழிந்தபின் எறிவது. இங்கே சக்கை என்றால் பலா, அது ஒரு சாப்பாடு. மிளகு 'நல்லமிளகு', காய்ந்த மிளகாய் 'வத்தல்', பொரியல் 'துவரன்', நேந்திரம் 'ஏத்தன்', மரவள்ளி 'மரச்சீனி'. நாங்கள் சீமாறு என்று சொல்லும் துடைப்பம் இங்கே 'வாரியல்'. இந்த ஏழெட்டுச் சொல் போதும், கடையில் தனியாக நிற்கலாம்.

அரிசி: பொன்னி சாப்பிட்ட நாக்குக்குச் சம்பா அரிசியின் தடித்த சிவப்புச் சோறு முதலில் இறங்காது. அதைப் பொன்னி மாதிரி குக்கரில் அளந்து வைத்தால் வேகாது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு, நகத்தால் நசுக்கிப் பார்த்துப் பதம் வந்தபின் வடிக்க வேண்டும். வடித்த கஞ்சியில் உப்பும் தேங்காய்த் துருவலும் போட்டுக் குடியுங்கள். மழைநாள் காலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

மரச்சீனி: தோலோடு உள்பட்டையையும் சேர்த்து உரியுங்கள். துண்டு போட்டு, மூழ்க மூழ்கத் தண்ணீர் விட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயல்பாகவே இருக்கும் நச்சு அப்படித்தான் குறையும். பச்சையாகக் கடிக்கக் கூடாது. தோண்டிய கிழங்கு இரண்டே நாளில் உள்ளே நீலக் கறுப்புக் கோடு விடும், எனவே அன்றன்றைக்கு வாங்குங்கள். வெந்ததை மசித்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்துக் கிளறினால் மயக்கின கிழங்கு. பக்கத்தில் சாளை (மத்தி மீன்) குழம்பு.

மீன்: கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. இந்த மாவட்டத்துக்கென்று ஒன்று உண்டு. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் இங்கே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் பெரிய மீன் விலை ஏறும். நாட்டுப்படகில் வரும் சாளை, நெத்திலி, அயிலையைக் கேளுங்கள்.

தேங்காய் எண்ணெயில் தாளிப்பது எனக்கு ஒரு வருடம் ஒட்டவில்லை. கடலை எண்ணெய் ஒரு டின் ஊரிலிருந்து கொண்டுவந்து தனியாக வைத்திருந்தேன். அதை மாமியாரிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது, "உனக்க நாக்குக்கு நீ செய்து தின்னு மக்களே, எனக்கும் கொஞ்சம் தா" என்றார்கள். அன்று அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். இப்போது அது இந்த வீட்டில் வியாழக்கிழமைச் சமையல். உங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றை முதல் மாதத்திலேயே இந்த அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

தனி வேலை: மார்த்தாண்டம் சந்தைக்கு ஒருமுறை தனியாகப் போய் ஒரு வாரக் காய் வாங்கி வருவது.

படி 5: பேச்சு

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பேச்சில் அது இன்னும் இருக்கிறது. 'என்னுடைய வீடு' இங்கே 'எனக்க வீடு'. 'எனக்கு ஊர் கோபிதான்' என்பது 'எனக்கு ஊர் கோபியாக்கும்'. இப்போது 'இப்பம்'. பஸ்ஸில் ஏறுவதில்லை, 'கேறுவது'. மேற்கே போகப்போக வெள்ளம் என்றால் பெருக்கு இல்லை, குடிக்கும் தண்ணீர்.

இதை நடித்துப் பேச முயலாதீர்கள். உங்கள் பேச்சிலேயே பேசுங்கள், புரியாததை உடனே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை, தலையாட்டிவிட்டு வேறொன்றைச் செய்தால்தான் மனத்தாங்கல் வருகிறது. நாங்கள் 'அத்தை' என்று கூப்பிடுவதை எங்கள் வீட்டில் 'மாமி' என்கிறார்கள், அண்ணன் மனைவி 'மைனி'. எந்த வீட்டில் என்ன வழக்கமோ அதை முதல் நாளே துணையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயதில் மூத்த யாரும் உங்களை 'மக்களே' என்பார்கள். பேர் தெரியாத ஊரில் அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

படி 6: பஸ்

சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. மார்த்தாண்டம் சாலையில் கேரள அரசு பஸ்களும் ஓடும், அவற்றில் இந்தச் சலுகை கிடையாது. ஏறும்முன் பலகையைப் பாருங்கள். நாகர்கோவிலில் வடசேரி ஒரு நிலையம், அண்ணா பஸ் நிலையம் இன்னொன்று. உங்கள் ஊர் பஸ் எதிலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரயிலில் குழித்துறை வேறு, குழித்துறை மேற்கு வேறு.

தனி வேலை: தக்கலை பஸ் ஏறிப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் இடம். திங்கட்கிழமை விடுமுறை. மெருகேறிய கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்து, யாருக்காகவும் அவசரப்படாமல் திரும்பி வாருங்கள். துணையோடு போவது அடுத்த தடவை இருக்கட்டும்.

படி 7: வீட்டின் கடிகாரம், வீட்டின் பணம்

ரப்பர் உள்ள வீடானால் பால்வெட்டு விடியும்முன் தொடங்கும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் வீடு சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழும். ராத்திரி பத்து மணிக்கு மனம்விட்டுப் பேசலாம் என்று காத்திருந்தால் எதிரில் இருப்பவர் தூங்கிவிடுவார். அது அக்கறையின்மை இல்லை. நாங்கள் பேச்சை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டோம். அந்த வாரம் எனக்கு என்ன குறை, அவருக்கு என்ன குறை, இரண்டையும் சண்டையாக வளரும் முன் சொல்லிவிடுவோம்.

பணமும் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. இலை உதிரும் ஜனவரி, பிப்ரவரியில் வெட்டு நிற்கும். ஜூன், ஜூலை மழையிலும் தடைப்படும். இதைத் துணையிடம் முன்பே கேட்டு, வருடக் கணக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேரில் தனிக் கணக்கு ஒன்றும் இருக்கட்டும். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும்போது யாரிடமும் கேட்காமல் எடுக்க முடிய வேண்டும்.

படி 8: பிறந்த ஊருக்குப் போய் வருதல்

ஆறு மாதத்துக்குள் ஒருமுறை போய் வாருங்கள். அதற்கு மேல் தள்ளினால் ஏக்கம் கசப்பாகிவிடுகிறது. கோயம்புத்தூர்-நாகர்கோவில் இரவு ரயில் ஈரோடு, கரூர், மதுரை, திருநெல்வேலி வழியாக ஓடுகிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பொங்கல், தீபாவளி என்றால் அந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள், இரண்டையும் உங்கள் கையால்.

எடுத்துப்போக மட்டி என்ற வாழைப்பழம் நல்லது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், வடக்கே எளிதில் கிடைக்காது. தோல் மெல்லியது, அதனால் அரைப்பழுப்பாக வாங்கித் துணிகளுக்கு மேலே வையுங்கள். மார்த்தாண்டம் தேன் கண்ணாடிக் குப்பியில் வேண்டாம். திரும்பும்போது கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, ஈரோட்டு மஞ்சள், கடலை எண்ணெய்.

விடியும்முன் நாகர்கோவிலில் இறங்கினால் துணையைக் கூப்பிட வேண்டாம், வெட்டுக்குப் போயிருப்பார். வடசேரி வந்து ஒரு சாயா குடித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம் போகும் முதல் பஸ்ஸில் கேறிக்கொள்ளுங்கள். மழை நாளென்றால் மஞ்சள் இருக்கும் பையைக் கீழே வைக்காமல் மடியில் வையுங்கள், பஸ் தரை ஈரமாக இருக்கும்.